அவரை எப்படிக் கூப்பிடுவது

ஆன்லைன் வகுப்பில் நான் மட்டும்தான் கேமராவை அணைக்காமல் உட்கார்ந்திருப்பேன். மற்றவர்கள் எல்லாரும் கறுப்புக் கட்டங்கள். ஆறு மணி வகுப்புக்கு ஐந்தரைக்கே முகம் கழுவி, பவுடர் போட்டு, நல்ல புடவையாக ஒன்றைக் கட்டிக்கொண்டு லேப்டாப் முன்னால் ஆஜராகிவிடுவேன். எனக்கு ஐம்பத்திரண்டு வயது, கல்யாணம் ஆகவில்லை. ராஜபாளையத்தில் ஒரு மில் ஆபீசில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவள், அம்மா வழுக்கி விழுந்து படுத்தபோது அதை விட்டுவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சை விட்டால் நல்ல புடவை கட்ட எனக்கு வேறு காரணம் எதுவும் இல்லை.

முதுமையியல் படிக்கிறேன் என்றதும் மில்லில் கூட வேலை பார்த்தவர்கள் சிரித்தார்கள். "வயசானவியளப் பாத்துக்கிடுததுக்கு ஒரு படிப்பா? ஒங்க அம்மாவ வச்சுப் பாத்தியளே, அதுக்கே பட்டம் குடுக்கலாமே" என்றார் ஒருவர். நானும் சிரித்து வைத்தேன். அம்மா படுக்கையில் இருந்த காலம் முழுக்க வீட்டில் ஒரே சத்தம்தான். ஏட்டி தண்ணி கொண்டா, ஏட்டி ஃபேனக் கொற, ஏட்டி எங்க போய்த் தொலைஞ்ச. எங்கள் பக்கத்தில் 'அடியே' என்பதுதான் ஏட்டி. இந்த ஏட்டியைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துப் போயிருந்தது. அம்மா போன பிறகு வீடு அப்படியே வாயடைத்துவிட்டது. ஒரு ஆளுக்குச் சோறு வைக்கக் குக்கர் எதற்கு என்று அதையும் பரணில் ஏற்றிவிட்டேன். சேவை, தொண்டு என்றெல்லாம் நான் பெரிய வார்த்தை பேச மாட்டேன். யாருக்காவது நான் தேவைப்பட வேண்டும், அவ்வளவுதான். அதற்காகத்தான் அந்தப் படிப்பில் சேர்ந்தேன்.

பாடம் எடுத்தவர் எங்கோ பெரிய நகரத்தில் இருக்கும் இளம் பெண். வயதானவர்களை நம் இஷ்டத்துக்குத் தாத்தா, பாட்டி என்று கூப்பிடக் கூடாது, எப்படிக் கூப்பிட வேண்டும் என்று அவர்களிடமே கேட்க வேண்டும் என்றார். பிறகு செய்முறைப் பயிற்சி வந்தது. தனியாக இருக்கும் முதியவர் ஒருவரை வாரம் ஒருமுறை போய்ப் பார்த்துப் பேசிவிட்டு வர வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு அம்மா இருப்பதாகச் சர்ச்சில் ஒருவர் சொல்லி அனுப்பினார். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவராம். வயது எண்பதுக்கு மேல், பிள்ளைகுட்டி கிடையாது. "கொஞ்சம் கோவக்காரவிய, பாத்துப் பேசுங்க" என்றும் சொன்னார்.

ஒரு புதன்கிழமை பஸ் ஏறிப் போனேன். தேரடியைத் தாண்டி ஒரு சந்து, கீழே ஜெராக்ஸ் கடை, மேலே அவர் வீடு. உட்கார்ந்ததும் பாடத்தில் சொன்னபடி கேட்டேன்.

"உங்கள எப்படிக் கூப்பிடணும்?"

"ஆச்சின்னு மட்டும் கூப்பிடாத. நான் யாரையும் பெறல, யாருக்கும் ஆச்சி இல்ல."

"அம்மான்னு கூப்பிடட்டுமா?"

"அதுவும் பெத்தாத்தான்."

"மேடம்?"

"அது ஆபீசோட முடிஞ்சு போச்சு. யோசிச்சுச் சொல்லுதேன், காப்பியக் குடி."

அவர் யோசித்து முடிக்கப் பல வாரம் ஆனது. அதுவரை ஒருவரை எதுவும் சொல்லிக் கூப்பிடாமலே பேசிச் சமாளிக்க வேண்டியிருந்தது. எவ்வளவு சிரமம் என்று செய்து பார்த்தால்தான் தெரியும். பேச்சைத் தொடங்கவே இருமிக் காட்ட வேண்டும். ஒருமுறை வாய் தவறி "என்னங்க" என்றுவிட்டேன். "ஏன், நான் ஒம் புருசனா?" என்றார். இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். டிரங்க் கால் போட்டுவிட்டு லைனுக்காகக் காத்திருந்தவர்களின் கதையெல்லாம் சொல்வார். ஊரில் யார் வீட்டுச் சாவுச் செய்தியும் முதலில் அவர் காதுக்குத்தான் வந்ததாம். இப்போது அவர் மேஜையில் இருக்கும் செல்போன் நான் இருக்கும் நேரத்தில் ஒருநாளும் அடித்ததில்லை. எனக்குமே புதன்கிழமை என்று ஒன்று இல்லாவிட்டால் வாரம் நகராது என்று ஆகிவிட்டிருந்தது.

ஒரு நாள் அவரே ஆரம்பித்தார். "யோசிச்சிட்டேன். என்னப் பேர் சொல்லிக் கூப்பிடு."

நான் திகைத்துப் போனேன். "அய்யய்யோ, அது எப்படி? எம்புட்டுப் பெரியவங்க நீங்க."

"எங்க அக்கா போன பொறவு எம் பேரு ஒருத்தர் வாயிலயும் வரல. பால் போடுதவனுக்கு நான் ஆச்சி, கீழ கடைக்காரனுக்கு ஆச்சி, பேங்க்ல பாட்டிம்மா. பேர் சொல்லக்கூடிய பெரியவிய எல்லாரும் போயாச்சு. எனக்கே எம் பேரு மறந்துரும் போல இருக்கு. இனிமே ஆச்சின்னு எவன் கூப்பிட்டாலும் ஏன்னு கேக்கப்போறதில்ல."

வாயைத் திறந்தேன். பெயர் நாக்கு நுனி வரை வந்தது, கூடவே ஒரு 'அம்மா'வும் ஒட்டிக்கொண்டு வந்தது.

"ஒட்டுப்போடாமச் சொல்லு. ஏலாதுன்னா நீ வரவே வேண்டாம்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பஸ்ஸில் திரும்பும்போது அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். இவரும் போய்விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்? அடுத்த வகுப்பில் கேட்டேன். "அவங்களே கேக்கறாங்களே, கூப்பிட வேண்டியதுதானே? இதுல என்ன கஷ்டம்? ஓகேவா மேம்?" என்று முடித்துவிட்டார் ஆசிரியர். என்னை எப்படிக் கூப்பிட வேண்டும் என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. வகுப்பில் நான் மேம், சர்ச்சில் சிஸ்டர், காய்கறிக் கடையில் அக்கா.

அந்த வாரம் முழுக்க வீட்டில் பழகினேன். காப்பிக்குப் பால் வைத்துக்கொண்டு சொன்னேன். துணி மடித்துக்கொண்டு சொன்னேன். ஆளில்லாத வீட்டில் சொல்லும்போது சுலபமாகத்தான் வந்தது. அப்படியே என் பெயரையும் ஒருமுறை சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். யாரோ மூன்றாம் மனுஷி பெயர் போல இருந்தது, மேற்கொண்டு சொல்லவில்லை.

புதன்கிழமை சந்துக்குள் நுழையும்போதே ஜெராக்ஸ் கடைக்காரர் மாடிப்படியில் நின்றுகொண்டிருந்தார். "காலையிலருந்து பால் பாக்கெட் அப்படியே கெடக்கு. எம்புட்டு தட்டியும் சத்தமே இல்ல. ஆச்சி! ஆச்சி!" என்று மறுபடி கதவைத் தட்டினார். போன வாரம் அவர் திருப்பிக்கொண்ட முகம்தான் கண்ணில் நின்றது. கடைக்காரரை விலக்கிவிட்டு மேல் படிக்குப் போய்க் கதவில் கை வைத்து அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். வெறும் பெயர், ஒட்டு ஒன்றும் இல்லாமல். அந்தப் பெயரை இங்கே எழுத மாட்டேன், கூப்பிடும் உரிமையை எனக்கு மட்டும்தான் கொடுத்திருக்கிறார்.

சந்தே திரும்பிப் பார்க்கும்படி இன்னொரு முறை கத்தினேன்.

உள்ளே நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"வாரேன் ஏட்டி. செத்த நில்லு, எதுக்கு இப்படிக் கத்துத?"

பால் பாக்கெட் பக்கத்தில் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அடக்கவில்லை.

"ஆச்சி நல்லாத்தான இருக்காவ, நீங்க எதுக்கு அழுவுதிய?" என்றார் கடைக்காரர்.

"என்னக் கூப்பிட்டுட்டாவ" என்றேன்.