வெர்னா பேசவைத்த வாய்கள்

அமெரிக்காவின் பர்பாங்க் நகர ஒலிப்பதிவுக் கூடத்தில் வெர்னா டட்டிலுக்கு ‘முதுகுக்காரி’ என்று ஒரு பெயர். கேலிப் பெயர்தான், அவள் அதைப் பட்டமாகவே எடுத்துக்கொண்டாள். ஜப்பான் கார்ட்டூன்களுக்கு ஆங்கில வசனம் எழுதுவது அவள் வேலை. படத்தில் வாய் மூன்று தரம் திறந்தால் வசனமும் மூன்று தரம் திறக்க வேண்டும். உதடு ஒட்டினால் அந்த இடத்தில் ‘ப’வோ ‘ம’வோ வந்தாக வேண்டும். சோற்று உருண்டையை அவள் சாண்ட்விச் ஆக்குவாள், மதுவைப் பழச்சாறு ஆக்குவாள், செத்துப்போனவர்களை வெளியூருக்கு அனுப்பிவைப்பாள். ஆனால் அவளுடைய கைவரிசை முழுக்க வெளிப்படுவது, படத்தில் யாராவது திரும்பி உட்காரும்போதுதான். வாய்தான் தெரியாதே! எதை வேண்டுமானாலும் பேசவைக்கலாம்.

ஜப்பான்காரர்கள் கதையில் ஆட்கள் அடிக்கடி பேசாமல் உட்கார்ந்துவிடுவார்கள். சனிக்கிழமை காலை ஒளிபரப்புக்கு அது ஆகவே ஆகாது. அந்த வாரமும் அப்படி ஓர் இடம் வந்தது. கடலுக்குப் போன அப்பா திரும்பவில்லை. சிறுமி படகுத்துறையில் நமக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறாள். அலைச் சத்தம், காற்று, அவ்வளவுதான்.

“இந்தப் பொண்ணு எவ்வளவு நேரம் இப்பிடியே உக்காந்திருக்கும்?” என்று அலுத்துக்கொண்டார் தயாரிப்பாளர் லைல் பிரானிகன். “புள்ளைங்க சேனல மாத்திடும் வெர்னா. ஏதாவது பேசவை தாயே.”

“முதுகு தெரியுதுல்ல? விடு, நான் பாத்துக்கறேன்.”

அப்பா சீக்கிரம் வந்துவிடுவார், பொம்மை வாங்கி வருவார் என்று சிறுமி கடற்பறவையோடு வாயாடத் தொடங்கினாள். பறவையின் மூக்கைப் பற்றி ஒரு ஜோக்கும் சேர்ந்தது. லைல் கைதட்டிச் சிரித்தார்.

வீட்டிலும் அவளுக்கு இதே வேலைதான். கணவர் கில்லுக்குப் பக்கவாதம் வந்து பேச்சு போயிருந்தது. புத்திக்கு ஒரு குறையும் இல்லை, சொல் வாய்க்கு வந்து சேரத்தான் நேரமாகும், காத்திருங்கள் என்று பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண் சொல்லியிருந்தாள். காத்திருப்பது ஒன்றுதான் வெர்னாவுக்கு வராது. கில் வாயைத் திறந்ததுமே இவள் வசனத்தைப் போட்டுவிடுவாள்.

“தக்காளி சூப்பா? இதோ வந்துட்டேன் ராசா. ஜன்னலச் சாத்தணுமா? நானே நெனச்சேன்.”

அவளைச் சொல்லியும் குற்றமில்லை. அந்த மௌனத்துக்குள் ஒரு நிமிடம் உட்கார்ந்தால் உடைந்து அழுதுவிடுவோம் என்று பயந்துகிடந்தாள்.

கில்லின் பழைய பிக்-அப் வண்டி வாசலில் சும்மா நின்றது. பேஸ்பால் நடக்கும் நாட்களில் அவர் அதற்குள் போய் உட்கார்ந்து ரேடியோ கேட்பார். வீட்டில் வெர்னாவின் குரல் எட்டாத ஒரே இடம் அதுதான். இனி யார் ஓட்டப்போகிறார்கள் என்று கில்லின் தம்பி டுவைட் போனில் கேட்டான்.

“வித்துடலாமா அண்ணி? அண்ணன் என்ன சொல்றான்?”

வெர்னா திரும்பிப் பார்த்தாள். கில்லின் வாய் அசைந்துகொண்டிருந்தது.

“வித்துடுன்னுதான் சொல்றாரு.”

சனிக்கிழமை பகலில் வண்டியை எடுக்க ஆள் வருவதாக ஏற்பாடு. காலையில் இருவரும் பேன்கேக் தட்டோடு டிவி முன்னால் உட்கார்ந்தார்கள். படகுத்துறைக் காட்சி வந்தது. சிறுமி வாயாடத் தொடங்கினாள்.

“கேளு கில், இப்ப பறவை ஜோக் வரும் பாரு!”

கில் இடது கையால் ரிமோட்டைத் தேடி எடுத்து அமுக்கினார். டிவி ஊமையானது. சிறுமி முதுகைக் காட்டிக்கொண்டு, ஜப்பான்காரர்கள் உட்காரவைத்தபடியே உட்கார்ந்திருந்தாள். அப்போதுதான் வெர்னாவுக்கு உறைத்தது, அந்தப் பிள்ளை அழுகிறது.

“என்ன ராசா, சத்தம் ஜாஸ்தியா? தலை வலிக்குதா? மாத்திரை...”

கில் ரிமோட்டை அவள் பக்கம் திருப்பி, இன்னொரு தரம் அமுக்கினார்.

வெர்னாவுக்குச் சுருக்கென்றது. வாயை மூடிக்கொண்டாள். கில் ஜன்னல் வழியே வண்டியைப் பார்த்தார். அவர் வாய் திறந்தது, இன்னும் அகலமாகத் திறந்தது, கடைசியில் உதடு இரண்டும் அழுந்த ஒட்டின. குரல் வரவில்லை. மறுபடியும் அதே அசைவு. ‘வித்துடு’ என்ற சொல்லில் உதடு எங்கே ஒட்டுகிறது? படத்தில் இப்படி ஒரு தப்பு வந்திருந்தால் அடுத்த அறையிலிருந்தே கண்டுபிடித்திருப்பாள். சொந்தப் புருஷன் முகத்தை அவள் பார்க்கவே இல்லை.

வண்டி வாங்க வந்தவர் எட்டோர் மென்டெஸ் என்ற தோட்டக்காரர். தொப்பியைக் கழற்றிக்கொண்டு கில் முன்னால் நின்றார்.

“வண்டிய எடுத்துக்கட்டுமா சார்?”

கில்லின் வாய் திறந்தது. வெர்னா நாக்கைக் கடித்துக்கொண்டாள். வேண்டாம் என்கிறார் என்று அவளே சொல்லிவிடலாம். இந்தத் தடவை அது சரியாகவும் இருந்திருக்கும். சொல்லவில்லை. மென்டெஸ் நெளிந்தார், இருமினார், அவளைப் பார்த்தார்.

“சரிங்கம்மா, அப்ப நான் சாவிய...”

வெர்னா கையை உயர்த்தித் தடுத்தாள்.

“கொஞ்சம் இருங்க. அவர் பேசிட்டிருக்காரு.”

மூவரும் காத்திருந்தார்கள். கில்லின் கழுத்து நரம்பு புடைத்தது.

“வே... ணாம்.”

உதடுகள் ஒட்டியே இருந்தன. முன்பின் தெரியாத அந்த மனிதர் எதிரிலேயே வெர்னா அழுதாள், ஒரு வார்த்தையும் பேசாமல்.