முதல் ரோட் பைக்கும் எனக்குக் கிடைத்த முதல் குறையும்

1. போனில் பார்த்த சைக்கிள்

நான் விற்ற சைக்கிளை மூன்று மாசம்கூட ஆகாமல் போனில் விற்பனைக்குப் பார்த்தேன். பழைய சாமான் வாங்கி விற்கிற ஆப் அது. படத்தில் சைக்கிள் ஒரு பால்கனிக் கம்பியில் சாய்ந்து நின்றது, அதன் மேல்குழாயான டாப் ட்யூப்பில் ஒரு துண்டு காய்ந்தது. கீழே எழுதியிருந்தது: "அதிகம் ஓட்டவில்லை. உடம்புக்கு ஒத்து வரவில்லை."

என் சைக்கிள்தானா என்ற சந்தேகமே வரவில்லை. ஹேண்டில்பாரில் மஞ்சள் டேப், நானே சுற்றியது. கோயம்புத்தூரில் என் மாதிரி ஒரு சுருக்கம் விழாமல் டேப் சுற்றுகிற ஆள் இன்னும் பிறக்கவில்லை. ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கிற ஸ்டெமில் நான் வைத்த சந்தனப் பொட்டின் தடம்கூட அழியாமல் இருந்தது.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். படிப்பு அஞ்சாங்கிளாஸ். உடுமலைப் பக்கமிருந்து ஒரு பையோடு வந்தவன். கணபதியில் முப்பத்தெட்டு வருசமாகக் கடை வைத்திருக்கிறேன். பால்காரர் சைக்கிளில் ஆரம்பித்து இன்றைக்குக் கார்பன் ஃப்ரேம் வரை தொட்டுவிட்டேன். இங்கிலீஷ் கேட்டலாக் படிக்கத் தெரியாது, ஆனால் சக்கரத்தைக் கையில் சுற்றினால் எந்தக் கம்பி தளர்ந்திருக்கிறது என்று சத்தத்திலேயே சொல்வேன். ஆளைப் பார்த்ததும் ஃப்ரேம் சைஸ் சொல்லிவிடுவேன், டேப் வைத்து அளந்ததே கிடையாது. "கண்ணுதான் எனக்கு டேப்பு" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தக் கண்ணுக்கு வந்த கேடு இது.

2. முப்பதாயிரமும் ஒரு ஊரும்

அந்த சைக்கிளை வாங்கியவர் ஜெயசீலி. நாற்பதை நெருங்கும் வயசு. ஆஸ்பத்திரி லேபில் டெக்னீசியன் வேலை. சரவணம்பட்டியில் ஒற்றை அறையில் தனியாக இருக்கிறார். கடைக்கு வந்த அன்று வாசலிலேயே நின்றார்.

"ஏனுங்ணா, ரோட் பைக்குங்களே, முப்பதாயிரத்துக்கு வருமுங்களா? ஹெல்மெட்டு, லைட்டு எல்லாம் சேத்தித்தானுங்க."

"உள்ள வாங்க அம்மணி. எங்க ஓட்டப்போறீங்க?"

"ஆனைமலைங்க. என்ர சொந்த ஊரு."

"அறுபது கிலோமீட்டருக்கு மேல வருமே. ஊர்ல யாரு இருக்காங்க?"

"யாருமில்லீங்க. அப்பா அம்மா தோப்பு வேலைக்குப் போனவங்க, ரெண்டு பேரும் இப்ப இல்லீங்க. ஊடு பூட்டித்தான் கெடக்குது. பஸ்ஸுல போனா தூங்கிப்போடறேனுங்க. ஒருக்கா முழிச்சுட்டே போய்ப் பாக்கோணும்."

எனக்குப் பிடித்துப்போயிற்று. இரண்டு மணி நேரம் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தேன். முதல் ரோட் பைக் வாங்குகிற உங்களுக்கும் அதையே சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள்.

கையில் இருக்கிற பணம் முழுவதையும் சைக்கிளில் போடாதீர்கள். ஹெல்மெட், முன்லைட், பின்லைட், பம்ப், பஞ்சர் கிட், ஒரு பேட் வைத்த ஷார்ட்ஸ், இதற்கெல்லாம் முதலில் ஒதுக்கி வைத்துவிட்டு மிச்சத்துக்குத்தான் சைக்கிள் பார்க்கணும். அந்த மிச்சத்தில் புதுசு வாங்கினால் முன்சக்கரத்தைத் தாங்குகிற ஃபோர்க் இரும்பில் வரும், கியர் லீவர் ஸ்டெம் மேல் இருக்கும், கியர் மாற்றக் கையை எடுக்கணும். அதே பணத்துக்குப் பழசு பார்த்தால் கார்பன் ஃபோர்க், பிரேக்கோடு சேர்ந்த லீவர், பின்னால் எட்டு கியர் என்று கிடைக்கும். ஆனால் பழசில் பெடல் அச்சுக்கு அடியில் விரிசல் இருக்கிறதா, செயின் இழுத்திருக்கிறதா, பிரேக் கட்டை உரசி உரசி ரிம்மில் குழி விழுந்திருக்கிறதா என்று பார்க்கணும். பெயின்ட் பளபளப்பைப் பார்த்து ஏமாறக் கூடாது.

அன்றைக்கு என் கடையில் அவருடைய பணத்துக்கு இரண்டு சைக்கிள் இருந்தன. ஒன்று புதுசு, சின்ன சைஸ், நாற்பத்தெட்டு. இன்னொன்று பழசு, ஐம்பத்துநாலு, நல்ல கியர் செட். வெளிநாடு போன ஐடி தம்பி ஒருவர் விட்டுப்போனது, பதினோரு மாசமாக ஹூக்கில் தொங்கியது. ஜெயசீலி உயரம் அஞ்சடி ஒரு அங்குலம்.

நான் பழசைத்தான் இறக்கினேன். சீட்டைக் கடைசி வரைக்கும் தாழ்த்தி ஏற்றி உட்கார வைத்தேன்.

"கையி எட்டறதுக்குக் கொஞ்சம் தூரமா இருக்குதுங்களேண்ணா."

"ரோட் பைக்னா அப்படித்தான் அம்மணி. ஓட்ட ஓட்டப் பழகிப்போகும்."

"சரிங்ணா."

அந்தச் "சரிங்ணா"வோடு விஷயம் முடிந்துபோயிற்று. தொங்குகிற சைக்கிள் இறங்கினால் போதும் என்ற எண்ணமும் எனக்குள் இருந்தது, மறைக்கப்போவதில்லை. ஆனால் சத்தியமாகச் சொல்கிறேன், நல்ல கியர் செட் கொடுக்கிறோம் என்ற பெருமைதான் அதைவிடப் பெரிசாக இருந்தது.

புது வண்டி கிளம்பினால் டயருக்கு அடியில் எலுமிச்சம்பழமும் ஸ்டெமில் பொட்டும் வைப்பது என் வழக்கம். அவர் வேதக்காரர் என்று தெரிந்து கேட்டுக்கொண்டேன். "உங்க திருப்திக்கு வெச்சுக்கங்ணா, நான் என்ர சிலுவையப் போட்டுக்கறேன்" என்று சிரித்தார்.

இரண்டு வாரம் கழித்துக் காற்றடிக்க வந்தார். "எப்படி அம்மணி?" என்றேன். "நல்லாருக்குதுங்ணா." பேசும்போது வலது மணிக்கட்டை இடது கையால் பிசைந்துகொண்டே இருந்தார். பார்த்தேன், பார்த்தும் கேட்கவில்லை. அப்புறம் அவர் வரவே இல்லை.

3. பேக்கரிக்காரர் போன்

விளம்பரத்தைப் பார்த்த அன்று என் நம்பரிலிருந்து கூப்பிட்டால் என்ன பதில் வரும் என்று எனக்குத் தெரியும். அதே "நல்லாருக்குதுங்ணா"தான் வரும். அதனால் பக்கத்து பேக்கரிக்காரர் போனை வாங்கிக் கூப்பிட்டேன். குரலைக் கொஞ்சம் அடக்கிக்கொண்டேன்.

"சைக்கிள் இருக்குதுங்களா?"

"இருக்குதுங்க."

"ஏனுங்க விக்கறீங்க?"

"பத்துக் கிலோமீட்டர் போனாக் கை மரத்துப்போகுதுங்க. கழுத்தத் திருப்ப முடியறதில்லீங்க. ஆனைமலை போகோணும்னு வாங்குனது, ஈச்சனாரிகூடத் தாண்டலீங்க."

"கடைக்காரர்கிட்டச் சொன்னீங்களா?"

"அவரு பாவமுங்க. அத்தன நேரம் உக்காந்து பாத்து எடுத்துக் குடுத்தாருங்க. போயிக் கொறை சொன்னா மனசு சங்கடப்படுமில்லீங்களா? சைக்கிளு நல்ல சைக்கிளுதானுங்க. என்ர ஒடம்புதான் அதுக்கு லாயக்கில்ல."

"வேற யாருக்கும் குடுத்துப்போடாதீங்க, நான் வந்து எடுத்துக்கறேனுங்க" என்று வைத்துவிட்டேன்.

பேக்கரிக்காரர் டீ ஆற்றிக்கொண்டே கேட்டார்: "ஏனுங்ணா, நீங்க வித்த சைக்கிளுக்கு நீங்களே வெல கேக்கறீங்க? யாவாரம் அந்தளவுக்கு ஆயிப்போச்சுங்களா?"

சிரித்துவிட்டுக் கடைக்கு வந்தேன். மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தேன். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுத் தனியாகச் சாப்பிடுவதுதான் ஆறேழு வருசமாக என் வழக்கம். வீட்டிலும் எதிரே உட்கார ஆளில்லை. அன்றைக்கு ஒரு வாயோடு டப்பாவை மூடி வைத்துவிட்டேன். என்னிடம் வேலை பார்த்த நாலு பேர் ஒவ்வொருவராகப் போய்த் தனிக்கடை போட்டார்கள். போகும்போது ஏனப்பா என்று கேட்டதற்கு, நாலு பேரும் "இங்க எல்லாம் நல்லாத்தானுங்க இருந்துச்சு" என்றார்கள். ஒரு தரம் வந்து மறுபடி வராத கஸ்டமர்கள் எத்தனை பேர்? அவர்களும் அதைத்தான் சொல்லிவிட்டுப் போனார்கள். நம் ஊர் மரியாதை அப்படி. நான் அதையெல்லாம் சர்டிஃபிகேட் என்று நினைத்து முப்பத்தெட்டு வருசம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் தப்பை என்னிடம் சொல்ல ஓர் ஆள்கூட எனக்கு இல்லை. வேறு ஆள் போனில் வேறு ஆள் மாதிரிப் பேசித்தான் அதைக் கேட்க வேண்டியிருந்தது.

4. டேப்

தையல்கடையில் ஒரு டேப் வாங்கிக்கொண்டு மொபெட்டில் சரவணம்பட்டி போனேன். கதவைத் திறந்தவர் திகைத்துவிட்டார்.

"அண்ணா! நீங்களா? உள்ள வாங்க. இப்ப ஒருத்தரு சைக்கிளு வாங்க வாரேன்னாருங்க..."

"நாந்தான் அம்மணி அந்த ஒருத்தரு."

அவர் முகம் சிவந்துபோயிற்று. "ஐயோ, நான் ஏதாச்சும் தப்பாச் சொல்லிப்போட்டேனுங்களா?"

"நீங்க ஒண்ணும் தப்பாச் சொல்லலை. தப்பா அளந்தது நானு. உங்க ஒடம்புல ஒரு கொறையும் இல்லை. சைக்கிள்தான் உங்களுக்கு ரெண்டு சைஸ் பெருசு."

சுவரில் முதுகைச் சாய்த்து, செருப்பில்லாமல் நின்று, ஒரு நோட்டைக் காலிடுக்கில் நெட்டுக்குத்தாக வைத்து அதன் மேல்விளிம்புக்கு நேராகச் சுவரில் பென்சில் கோடு போடச் சொல்லிவிட்டு நான் பால்கனிக்குப் போய்விட்டேன். பிறகு தரையிலிருந்து கோடு வரைக்கும் அளந்தேன். தோளிலிருந்து கை முஷ்டி வரைக்கும் அளந்தேன். கண் சொன்னதும் டேப் சொன்னதும் வேறு வேறு. நீங்களும் கடைக்குப் போகும்முன் வீட்டில் இந்த அளவை எடுத்துக்கொண்டு போங்கள். கியர் ஒன்றிரண்டு குறைவாக இருந்தாலும் ஓட்டலாம். ஃப்ரேம் பொருந்தாவிட்டால் எத்தனை நல்ல கியர் இருந்தும் அது துணி காயப்போடத்தான் ஆகும்.

அவர் சைக்கிளைக் கடைக்குக் கொண்டுவந்து, அங்கே இன்னும் விற்காமல் நின்ற புதுசையும் சேர்த்து இரண்டையும் கலைத்தேன். புதுசின் நாற்பத்தெட்டு ஃப்ரேமை எடுத்து அதில் பழசின் சக்கரம், லீவர், கியர் செட் எல்லாம் ஏற்றினேன். கார்பன் ஃபோர்க்கின் குழாயை அளவுக்கு அறுத்து மாட்டினேன். குட்டை ஸ்டெம், குறுகலான ஹேண்டில்பார். மூன்று நாள் வேலை. இதற்கு அவரிடம் ஒரு பைசா கேட்கவில்லை, அவர் நீட்டியதையும் வாங்கவில்லை.

எடுக்க வந்தார். கடை முன்னால் இரண்டு சுற்று ஓட்டிவிட்டு இறங்கினார்.

"நல்லாருக்குதுங்ணா."

"அந்தப் பேச்சே வேண்டாம். ஒரு கொறை சொல்லுங்க."

"ஒண்ணுமில்லீங்ணா."

"சொல்லாட்டிச் சைக்கிள் கெடையாது. உள்ள எடுத்து வெச்சுப்போடுவேன்."

சைக்கிளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ரோட்டைப் பார்த்தார். "சீட்டோட மூக்கு... கொஞ்சம் தூக்கலா இருக்குதுங்ணா. ஒரு துளிதான்."

ஆலன் கீயை எடுத்துக் கால் திருகு திருகினேன். முப்பத்தெட்டு வருசத்தில் ஒரு கஸ்டமர் என் முகத்துக்கு நேராகச் சொல்லி நான் காதில் வாங்கிய முதல் குறை அது.

5. மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிறு

காலையில் கடை திறக்கவில்லை, சும்மா உள்ளே உட்கார்ந்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை எனக்குப் போக இடம் கிடையாது. போன் வந்தது.

"அண்ணா, ஜெயசீலிங்க. ஆனைமலை வந்துட்டேனுங்க."

"அப்படியா! எங்க நிக்கறீங்க?"

"எங்க ஊட்டு முன்னாலதானுங்க. வந்ததும் வந்துட்டேன்னு யாருகிட்டயாச்சும் சொல்லோணும்னு இருந்துச்சுங்க. யோசிச்சுப் பாத்தேன், உங்களத் தவுர யாருமில்லீங்க."

எனக்கு வியாபாரி புத்திதான் முன்னால் வந்தது.

"கழுத்து எப்படி அம்மணி?"

"ஒண்ணுமில்லீங்ணா." நிறுத்தினார். தானே சிரித்தார். "இடது கையில சுண்டுவெரல் மட்டும் பொள்ளாச்சிக்கு அப்பறம் லேசா மரத்துப்போச்சுங்க."

பில் புத்தகத்தின் பின்னட்டையில் எனக்குத் தெரிந்த எழுத்தில் எழுதிக்கொண்டேன்: ஹேண்டில்பாரில் இடது பக்கம் டேப்புக்கு அடியில் மெத்தென்று ஜெல் பட்டை வைக்கணும். இப்போது சைக்கிள் வாங்குகிற எல்லோரையும் ஒரு மாசம் கழித்து நானே கூப்பிடுகிறேன். நல்லா இருக்கிறதா என்று கேட்பதில்லை, எங்கே வலிக்கிறது என்று கேட்கிறேன்.

"திரும்பி வாரப்பக் கடைக்கு வாங்க அம்மணி. தெறந்துதான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு எழுந்துபோய் ஷட்டரை முழுசாகத் தூக்கினேன்.