சுதர்ஷினி கௌபி அவித்த நாள்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்பது பக்கத்து ஊர் சாம்பல்தீவு வரை தெரியும். ஆனால் சுதர்ஷினி வீட்டில் நான் செய்த பிழை வாயால் செய்தது அல்ல, ஒரு சட்டி கறியால் செய்தது.

அவள் என் பக்கத்து வளவுக்காரி. எங்கள் கடற்கரை ஊரான சல்லியில் பிறந்து சல்லியிலேயே வாழ்க்கைப்பட்டவள். புருசன் கோணேஸ்வரன் பிடித்து வரும் மீனில் விற்றது போக மிஞ்சியதைக் கருவாடு போடுவாள். வெள்ளிக்கிழமை மட்டும் அந்த வீட்டில் மீன் இல்லை. கௌபிப் பயறும் சோயாமீற் துண்டுகளும் போட்டுத் தடிப்பாக ஒரு கறி வைப்பாள். கோணேஸ்வரனுக்குச் சோயாமீற் கண்ணில் காட்டக்கூடாது.

"இதுக்கு என்ர பழைய சிலிப்பரை அவிச்சுத் தாவன்," என்பான்.

கௌபியைச் சாப்பிட்டுக்கொண்டே சோயாத் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி அவள் தட்டில் போடுவான். அவளும் திட்டித் திட்டியே தின்பாள். பிள்ளை இல்லாத வீட்டில் அந்தச் சண்டைதான் வெள்ளிக்கிழமைக் கொண்டாட்டம்.

போன கார்த்திகையில் தனியாகக் கடலுக்குப் போனவன் திரும்பி வரவில்லை. நேவிக்காரர் தேடினார்கள், எங்கள் ஆட்களும் தேடினார்கள். எட்டு நாளாகியும் ஒரு தடயமும் இல்லை. ஊர் அவனைச் செத்தவனாகவே எண்ணிவிட்டது.

செத்த வீட்டுக்கு அயலவர்தான் சைவச் சாப்பாடு கொண்டுபோவோம். முப்பத்தோராம் நாள் சடங்கு முடியும்வரை அங்கே மீன்சட்டி அடுப்பில் ஏறாது. ஒன்பதாம் நாள் நான் கௌபியும் சோயாமீற்றும் சமைத்து எடுத்துக்கொண்டு போனேன். நல்ல மனதோடுதான் போனேன். சுதர்ஷினி மூடியைத் திறந்து பார்த்தாள்.

"மலரக்கா, இந்த வீட்டில ஆர் செத்தது?"

நான் சட்டியை மூடினேன்.

"கொண்டு போங்கோ. அவர் வந்தால் மீன்தான் கேப்பார்."

அன்று முதல் தினமும் மீன் சமைத்தாள். வெள்ளிக்கிழமைக் கறியும் செத்தவீட்டுக் கறியும் ஒன்றாகிப் போனதால் வெள்ளிக்கிழமை விரதத்தையும் விட்டுவிட்டாள். கரைக்குப் போய் நாலு சூடை மீனாவது வாங்கி வந்து பொரித்து, அவனுடைய தட்டில் மூடி வைப்பாள். விடிந்ததும் அது பூனைக்கு. அவள் வெறும் சோறுதான் தின்றாள்.

உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியுமா? "புருசனைக் கடல் கொண்டுபோட்டுது, இவளுக்கு மீன் பொரியல் கேக்குது," என்றார்கள். சொன்னவர்களோடு நான் சண்டை பிடித்தேன். ஆனால் அவளுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நானும் உள்ளுக்குள் நினைத்தேன். பொய் சொல்லக் கூடாது.

இருபத்தாறாம் நாள் குறிஞ்சாக்கேணி மீனவர் ஸஹாப்தீன் கோணேஸ்வரனின் மீன்பிடிப் போட்டைத் தன் போட்டில் கட்டி இழுத்து வந்தார். வெருகல் பக்கம் கவிழ்ந்து மிதந்ததாம். எஞ்சினில் சுற்றியிருந்த வலைக்குள் அவன் கடைசியாகப் போட்டிருந்த சட்டை. தோளில் சுதர்ஷினி வைத்துத் தைத்த ஒட்டு அப்படியே இருந்தது.

"ரெண்டு நாளா சுத்திச்சுத்திப் பாத்தனாங்க, தங்கச்சி. ஆளைக் காணேல்ல," என்றார்.

அவள் ஒட்டைத் தடவிப் பார்த்தாள். அழவில்லை. "தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ, ஸஹாப்தீன் நானா," என்றாள்.

மறுநாள் காலை என் குசினி வாசலில் வந்து நின்றாள்.

"அக்கா, ஒரு சுண்டு கௌபி தாங்கோ."

அவ்வளவுதான் கேட்டாள். நான் அளந்து கொடுத்துவிட்டு அவள் பின்னாலேயே போனேன்.

ஊறப்போடாத கௌபி, அவிய இரண்டு மணித்தியாலம் எடுத்தது. அடுப்பை விட்டு அவள் எழும்பவே இல்லை. சோயாமீற்றைச் சுடுதண்ணீரில் போட்டுப் பிழிந்து, வெங்காயமும் ரம்பை இலையும் போட்டு வதக்கி, தேங்காய்ப்பால் விட்டு வற்ற வைத்தாள். என்னை ஒரு கை வைக்க விடவில்லை. கோணேஸ்வரனின் படத்துக்கு முன்னால் வாழையிலை போட்டுச் சோறும் கறியும் படைத்தாள். தனக்கும் ஒரு தட்டில் போட்டுக்கொண்டு எதிரில் இருந்தாள்.

கும்பிடுவாள் என்று பார்த்தேன். அவள் குனிந்து, இலையில் இருந்த சோயாத் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தன் தட்டில் போடத் தொடங்கினாள்.

"என்னடி செய்யிறாய்? படைச்சதில கை வைக்கலாமோ?"

"வாழ்நாளில ஒரு துண்டு தின்னாத மனிசன், அக்கா. கடைசிச் சாப்பாட்டிலயும் இதையே குடுத்து அனுப்பச் சொல்லுறீங்களோ?"

இலையில் கௌபி மட்டும் மிஞ்சியது. அவள் தன் தட்டை மடியில் வைத்து, அவன் பங்கை ஒரு துண்டு விடாமல் தின்றாள். திட்டுவதற்கு ஆள் இல்லாததால் அழுதுகொண்டு தின்றாள்.