ஏழாவது சுற்று

துறைமுகத்துக்கும் கன்டெய்னர் யார்டுகளுக்கும் நடுவே ட்ரெய்லர் ஓட்டுவது என் வேலை. நாற்பதடிப் பெட்டியைப் பின்னால் வைத்துக்கொண்டு இடது பக்கம் திரும்பும்போது, இடது கதவுக்குக் கீழே ஒரு ஆள் நின்றால்கூட கேபினில் இருப்பவனுக்குத் தெரியாது. கண்ணாடியில் பெட்டியின் சுவர்தான் தெரியும். இது தெரிந்த ஒருவனுடைய தம்பி, தினமும் காலை ஐந்தரை மணிக்கு அதே துறைமுகச் சாலையில் சைக்கிள் ஓட்டிக்கொண்டு போனால் அண்ணனுக்கு எப்படி இருக்கும்? எனக்கு ஆறு வருஷம் அப்படித்தான் இருந்தது.

தம்பி என்னைவிடப் பதினோரு வயது இளையவன். கடலுக்குப் போன அப்பா திரும்பாமல் போனபோது அவன் எட்டாம் வகுப்பு. அன்றிலிருந்து வீட்டில் அம்மா, நான், அவன். பள்ளிக்கூடத்துப் போட்டி, மாவட்டம், மாநிலம் என்று சைக்கிள் அவனை எங்கெங்கோ இழுத்துக்கொண்டு போனது. எங்கள் ஊர்ப் பக்கம் மலை கிடையாது. ஏறிப் பழக இருந்த ஒரே மேடு ரயில் பாதைக்கு மேலே போகும் பாலம். அதில் முப்பது தடவை ஏறி முப்பது தடவை இறங்குவான். மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் உப்பளத்துச் சாலையில் அதற்கு எதிராக ஓட்டுவான். மலை ஏறுகிற பலம் அதில் வந்துவிடும் என்று அவனுக்கு ஒரு நம்பிக்கை.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் பைக்கில் முன்னால் போவேன். என் பின் சக்கரத்துக்கு ஒரு முழம் தள்ளி அவன் ஒட்டிக்கொண்டு வருவான். முன்னால் போகிறவன் காற்றைக் கிழிப்பதால் பின்னால் வருகிறவன் அந்த நிழலில் வேகம் பழகலாம். வேகம் ஐம்பதிலிருந்து இறங்கக் கூடாது, ஏறவும் கூடாது, பிரேக்கைத் தொடவே கூடாது என்று சொல்லித்தான் என்னை அந்த வேலைக்கு வைத்திருந்தான். இரண்டு வருஷத்துக்கு முன் கீழவைப்பாருக்குப் போகும் வழியில் கருவேலம் புதரிலிருந்து ஒரு நாய் குறுக்கே வந்தது. நான் பிரேக்கைத் தொட்டேன். அவ்வளவுதான். பின்னால் ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தபோது அவன் சாலை ஓரச் சரளையில் கிடந்தான்.

வலது தோள் எலும்பு முறிந்து, தகடு வைத்துத் தைத்தார்கள். ஆஸ்பத்திரியில் அவன் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. நாய்க்கு ஒன்றும் ஆகவில்லையே என்றுதான் கேட்டான். அம்மாவிடம், தானே கவனமில்லாமல் விழுந்ததாகச் சொல்லிவிட்டான். நானும் அதைத் திருத்தவில்லை. அதற்குப் பிறகு அவன் எங்கே ஓட்டினாலும் அந்தத் தோளைப் பற்றிய நினைப்பு எனக்குள் கிடந்து அரித்துக்கொண்டே இருந்தது.

ஐந்து மாதத்தில் மறுபடி ஏறினான். போன வருஷம் இந்திய அணியில் ஆறு பேரில் ஒருவனாக அவனை எடுத்தார்கள். தாய்லாந்தில் ஆசிய நாடுகளுக்கான ஆண்கள் சாலைப் பந்தயம். மலையோர ஊர் ஒன்றில் பதினாறு கிலோமீட்டர் வட்டம், அதைப் பத்து தடவை சுற்ற வேண்டும். வட்டத்தில் ஒரு ஏற்றம், ஒரு இறக்கம். அந்த இறக்கத்தைக் கைபேசியில் படம் எடுத்து அனுப்பியிருந்தான். இரண்டு பக்கமும் ரப்பர் மரங்கள், நடுவே வளைந்து வளைந்து கீழே போகும் தார்ச் சாலை. நல்லா இருக்குல்ல என்று எழுதியிருந்தான். எனக்கு அது நல்லதாகத் தெரியவில்லை.

பந்தயத்தன்று எனக்கு லீவு கிடைக்கவில்லை. மறுநாள் கப்பல் கிளம்புகிறது, பெட்டிகள் அன்றைக்குள் உள்ளே போயாக வேண்டும். காலை எட்டரைக்குப் பந்தயம் தொடங்கியபோது நான் துறைமுகச் சாலையில் நாற்பது வண்டிக்குப் பின்னால் வரிசையில் நின்றேன். கைபேசியைக் கண்ணாடிக்குக் கீழே சாய்த்து வைத்து நேரலையைப் போட்டேன். வர்ணனை ஒரு எழுத்துக்கூடப் புரியாத மொழி. முதுகில் குத்தியிருக்கும் எண்தான் அடையாளம். அவன் எண் அறுபத்திநாலு.

எனக்கு முன்னால் நின்ற வண்டி உடன்குடிக்கார அண்ணாச்சி ஒருவருடையது. பத்தரை மணிவாக்கில் வரிசை அசையாததைப் பார்த்து இறங்கி வந்து என் கேபினில் ஏறிக்கொண்டார். இதில் நம்ம பையன் எது என்று கேட்டார். முன்னால் ஐந்து பேர் தனியாகப் பிரிந்து போய்க்கொண்டிருந்தார்கள், அதில் மூன்றாவது ஆள் என்று காட்டினேன். அப்படியானால் அவன் ஜெயித்துவிடுவானா என்றார். இன்னும் எண்பது கிலோமீட்டர் இருக்கிறது, பின்னால் வருகிற கூட்டம் பிடித்துவிடும் என்றேன். பிடித்துவிடும் என்று தெரிந்தும் எதற்கு இப்படி ஓட்டுகிறான் என்று அவர் கேட்டார். அப்போது கேமரா அவன் முகத்தைக் கிட்டத்தில் காட்டியது. வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். வலது தோளைக் கொஞ்சம் இறக்கிப் பிடித்திருந்தான், வலிக்கும்போது அப்படித்தான் பிடிப்பான்.

ஆறாவது சுற்றில் கூட்டம் அவர்களைப் பிடித்துவிட்டது. ஏழாவது சுற்றில் அங்கே மழை தொடங்கியது. அண்ணாச்சி தன் வண்டிக்குப் போய்விட்டார், வரிசை நகர ஆரம்பித்திருந்தது. நான் ஒரு கண்ணைச் சாலையிலும் ஒரு கண்ணைத் திரையிலுமாக வைத்து ஊர்ந்துகொண்டிருந்தேன். கூட்டம் இறக்கத்தில் இறங்கியது. மேலேயிருந்து காட்டினார்கள். நடுவில் ஒரு சைக்கிள் சறுக்கியது. அதன் மேல் ஒன்று, அதன் மேல் ஒன்று, பத்துப் பதினைந்து பேர் சாலை முழுக்கச் சிதறி விழுந்தார்கள். ஒருவன் தடுப்பைத் தாண்டி மரங்களுக்குள் போனான். எங்கள் அணியின் நீலச் சட்டை இரண்டு கீழே கிடந்தது. கேமரா கிட்டே போகும் என்று பார்த்தேன், போகவில்லை. முன்னால் தப்பிப் போனவர்களைக் காட்டத் தொடங்கிவிட்டார்கள்.

பின்னால் ஹாரன் அடித்தார்கள். எனக்கு முன்னால் மூன்று வண்டி இடம் காலியாகக் கிடந்தது.

அந்த நேரத்தில் அம்மா போன் செய்தாள். பக்கத்து வீட்டில் நர்சிங் படிக்கிற பெண் ஒருத்தி பந்தயத்தை அவர்கள் வீட்டு டிவியில் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தாள், அம்மா அங்கேதான் இருந்தாள்.

"ஏலே, எல்லாம் சரிஞ்சு விழுந்துட்டாவளே. நம்ம பய எங்கன?"

"அவன் விழலம்மா. முன்னாடி ஓட்டுதான்."

"நீ பாத்தியா?"

"பாத்தேன்."

அம்மா வேறு ஒன்றும் கேட்காமல் வைத்துவிட்டாள். நான் பார்க்கவில்லை. அதற்குள் கேட் வந்துவிட்டது. பெட்டிக் கதவின் முத்திரையைப் பார்த்தார்கள், பாஸைப் பார்த்தார்கள், கைபேசியை அணைத்து உள்ளே போடச் சொன்னார்கள்.

உள்ளே இருந்தது ஐம்பது நிமிஷம் இருக்கும். கிரேன் பெட்டியைத் தூக்குவதற்கு முன் ட்ரெய்லரின் நாலு மூலையிலும் பெட்டியைப் பிடித்திருக்கும் லாக்குகளை டிரைவர் இறங்கித் திறக்க வேண்டும். பதினைந்து வருஷமாகச் செய்கிற வேலை. அன்றைக்கும் இறங்கினேன், சுற்றி வந்தேன், திறந்தேன். என் மனசு அந்த இறக்கத்தில் கிடந்தது. அந்தத் தோளில்தான் விழுந்திருப்பானா, தகடு உள்ளே குத்தியிருக்குமா, அந்த ஊர் ஆஸ்பத்திரியில் அவன் பேசுவது யாருக்காவது புரியுமா, தடுப்பைத் தாண்டிப் போனவன் போட்டிருந்தது நீலமா பச்சையா. கேபினில் ஏறி உட்கார்ந்தேன். கிரேன் பெட்டியைப் பிடித்து மேலே தூக்கியது. என் வண்டியின் பின்பக்கமும் சேர்ந்து மேலே எழும்பியது.

முன்னால் இருந்த தரை சரிந்து கண்ணுக்கு நேரே வந்தது. யாரோ விசில் ஊதினார்கள். கிரேன்காரர் உடனே நிறுத்தி, மெல்ல இறக்கினார். பின் சக்கரங்கள் தரையில் உட்கார்ந்தபோது வண்டியே குலுங்கியது. பின்னால் வலது மூலை லாக்கை நான் திறக்கவே இல்லை. இன்னும் இரண்டடி தூக்கியிருந்தால் வண்டி பக்கவாட்டில் கவிழ்ந்திருக்கும். பக்கத்து வரிசையில் ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள்.

சூப்பர்வைசர் வந்து என் பாஸை வாங்கிக்கொண்டார். பத்து நாளைக்கு உள்ளே வரக் கூடாது என்றார். தூங்கினாயா என்று கேட்டார். இல்லை என்றேன். வேறு என்ன என்று கேட்டார். தம்பி விழுந்துவிட்டான் என்று சொல்ல வாய் வந்தது, ஆனால் அது இன்னும் எனக்கே உறுதியில்லை. தப்புதான் சார் என்று மட்டும் சொன்னேன்.

வெளியே வந்து ஓரமாக நிறுத்திக் கைபேசியைப் போட்டேன். அம்மாவிடமிருந்து நாலு அழைப்பு. திரும்பக் கூப்பிட விரல் வரவில்லை. ஐந்தாவது தடவை அவளே கூப்பிட்டாள்.

"அவன் நிக்கான்ல. ரோட்டு ஓரத்துல நிக்கான். அடுத்த சுத்துல முன்னாடி போறவன்களக் காட்டும்போது அவனும் தெரிஞ்சான்."

"கை எப்படிம்மா இருந்துச்சு?"

"கை ரெண்டையும் ஆட்டி ஆட்டி யார்ட்டயோ பேசுதான். முட்டியில ரத்தம். சைக்கிள்லதான் பின் சக்கரத்தக் காணும்." பிறகு சற்று நிறுத்தி, "நீ ஓட்டுதான்னு சொன்னியே" என்றாள்.

போனை வைத்தேன். வண்டியை விட்டு இறங்கி, உப்பளத்துப் பக்கம் திரும்பி நின்று கொஞ்சம் அழுதேன். போகிற வண்டிக்காரர்கள் பார்த்தார்கள்.

பின் சக்கரம் எப்படிக் காணாமல் போகும் என்று எனக்கு விளங்கவில்லை. விழுந்ததில் உடைந்திருந்தால் உடைந்தது சைக்கிளோடுதானே இருக்கும். மத்தியானம் வந்த முடிவுப் பட்டியலில் அவன் பெயருக்கு நேரே முடிக்கவில்லை என்று இருந்தது. சாயங்காலம் அவனே கூப்பிட்டான். பதினாறாவது இடத்தில் அவர்கள் அணியின் மூத்த ஆள் வந்திருந்தார். மொத்த அணியும் அவருக்காகத்தான் ஓட்டியது. அந்த விபத்தில் அவருடைய பின் சக்கரம் நொறுங்கிவிட்டது. மாற்றுச் சக்கரங்கள் இருந்த அணிக் கார் எங்கேயோ பின்னால் மாட்டிக்கொண்டிருந்தது. தம்பி விழுந்து எழுந்திருந்தான், அவன் சைக்கிள் நன்றாக இருந்தது. தன் பின் சக்கரத்தைக் கழற்றி அவரிடம் கொடுத்துவிட்டான். அப்புறம் வந்த கார் அவரைத் துரத்திக்கொண்டு போனதில் இவனுக்கு நிற்கவில்லை. சக்கரம் கிடைத்தபோது நேரம் கடந்துவிட்டது, நடுவர்கள் முதுகில் இருந்த எண்ணைக் கழற்றிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள்.

தோள் என்று கேட்டேன். தோளில் ஒன்றுமில்லை என்றான். மூன்று தடவை கேட்டேன்.

ஐந்தாம் நாள் அவன் வீடு வந்தபோது எனக்கு இன்னும் வேலை இல்லை, அதனால் இருவரும் நாள் முழுக்க வீட்டில் இருந்தோம். தொடையிலும் முழங்கையிலும் தோல் உரிந்து பொருக்குக் கட்டியிருந்தது. அம்மா மருந்து போட்டுக்கொண்டே, அத்தனை பேர் இருக்கையில் உன் சக்கரத்தைத்தான் அவர் கேட்டாரா என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். தெருவில் எத்தனையாவது இடம் என்று விசாரித்தவர்களுக்குச் சொல்லி மாளவில்லை. முடிக்கவில்லை என்றால் முகம் சுருங்கிப் போனார்கள். சக்கரக் கதையைச் சொன்னால் அதை நாங்கள் சமாளிப்பதற்காகச் சொல்வதாக நினைத்தார்கள்.

எனக்கும் உள்ளுக்குள் கோபம்தான். ஒருநாள் மத்தியானம் அம்மா கோவிலுக்குப் போயிருந்தபோது கேட்டுவிட்டேன்.

"நீ நல்லாத்தான இருந்தே. சைக்கிளும் நல்லாருந்துச்சு. என்னத்துக்குல குடுத்தே?"

அவன் முழங்கைப் பொருக்கைத் தடவிக்கொண்டிருந்தான்.

"உடனே குடுக்கலண்ணே. அவரு என் பேரச் சொல்லி ரெண்டு தடவ கூப்பிட்டாரு. கேக்காத மாதிரி சைக்கிளத் தூக்கி ஏறப் போனேன். கால பெடல்ல வச்சிட்டேன்."

"அப்புறம்?"

"அப்புறம் இறங்கிட்டேன். ஏன்னு எனக்கே தெரியல. இத நான் அங்க யார்ட்டயும் சொல்லல. எல்லாரும் முதுகுல தட்டுதாங்க. எனக்கு ஒரு மாதிரி இருக்கு."

எழுந்து போய் இரண்டு பேருக்கும் டீ போட்டுக்கொண்டு வந்தேன். குடித்துவிட்டு, பாலத்துக்குப் போகட்டுமா என்று கேட்டான். புண் ஆறவில்லை, நாளைக்குப் போகலாம் என்றேன். சரி என்று படுத்துக்கொண்டான்.

பதினோராம் நாள் பாஸ் கிடைத்து நான் வேலைக்குப் போனேன். இப்போதெல்லாம் நாலு லாக்கையும் கையால் தொட்டுப் பார்த்துவிட்டு, இன்னொரு சுற்று வந்து மறுபடி தொட்டுப் பார்க்கிறேன். அடுத்த மாதம் அவனைத் திரும்பவும் இந்திய அணியின் பயிற்சி முகாமுக்குக் கூப்பிட்டார்கள். அந்த மூத்த ஆள் சொல்லித்தான் கூப்பிட்டிருப்பார்கள் என்று அவன் நினைக்கிறான், யாரும் அப்படிச் சொல்லவில்லை. ரயிலில் சைக்கிள் பெட்டியை நான்தான் ஏற்றிவிட்டேன். அங்கே மலைப் பாதை, மழைக் காலம் வேறு. போய்ச் சேர்ந்ததும் போன் போடச் சொல்லியிருந்தேன். போடவில்லை. மறுநாள் மத்தியானம், சாப்பிட்டுக்கொண்டிருப்பதாக ஒரு வரி எழுதி அனுப்பினான்.