முகம் திருப்பிய தறிக்காரி

தறிக்காரி என்றால்தான் அந்தத் தெருவுக்கு அவளைத் தெரியும். கல்யாணத்துக்கு முன்பிருந்தே விசைத்தறிக்கூடத்தில் வேலை. அங்கே தறி இரைச்சலில் தொண்டை கிழியக் கத்தினாலும் பக்கத்துத் தறிக்குக் கேட்காது. அதனால் எல்லோரும் வாயை மட்டும் அசைத்துப் பேசிக்கொள்வார்கள். ஊர் வம்பு, மேஸ்திரியைப் பற்றிய கிண்டல் எல்லாம் உதட்டசைவிலேயே நடந்துவிடும்.

அவளுடைய எட்டு வயது மகள்மேல் ஒரு வேன் மோதியது. மண்டையில் பலத்த அடி. ஆஸ்பத்திரியில் நினைவு வந்தது, நடையும் வந்தது. சொன்னதெல்லாம் புரிந்தது. பேச்சு மட்டும் வரவில்லை.

கூடவே குடியிருந்த நாத்தனார் மூக்கைச் சிந்தினாள். "இனிமே ஊமைதான் அண்ணி. மனசத் தேத்திக்கோங்க."

"அவ காது நல்லாத்தான் கேக்குது. அழறதுன்னா தெருவுல போய் அழு."

வீடு திரும்பிய சில வாரங்களில் சிறுமியின் உதடு அசைந்தது. ஒலியே இல்லாமல் தண்ணீர் கேட்டாள். தறிக்காரிக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அன்றுமுதல் இருவரும் தறிக்கூடத்துப் பாணியில் ஓயாமல் பேசினார்கள். மகள் அத்தையைப் போல் உதட்டைச் சுழித்துக் காட்ட, தாய் வயிறு குலுங்கச் சிரிப்பாள். மாதங்கள் போயின. குரல் மட்டும் எழவில்லை.

பேச்சுப் பயிற்சி தரும் பெண் இருவரையும் கவனித்துவிட்டுச் சொன்னார்: "இப்படி அடிபட்ட சில பிள்ளைங்களுக்குக் குரல் மெல்லத்தான் வரும். ஆனா சத்தமே இல்லாம உங்களுக்கு எல்லாம் புரிஞ்சிடுதே. அவ எதுக்கும்மா மெனக்கெடணும்?"

தறிக்காரிக்குச் சுருக்கென்றது. "அப்ப அவ வாயை நாந்தான் கட்டிப் போட்டேனா?"

"அப்படியில்ல. உதட்ட அசைக்க வெச்சதே நீங்கதான். இனி கொஞ்சம் புரியாத மாதிரி இருங்க."

மறுநாள் மகள் உதட்டை அசைத்ததும் தாய் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மகள் சுற்றி வந்தாள், இவளும் சுற்றினாள். தாயின் கையைப் பிடித்து இழுத்தாள், காலைத் தரையில் உதைத்தாள். நாத்தனாருக்குப் பொறுக்கவில்லை.

"கேட்டதக் குடுத்துத் தொலைங்களேன்! பெத்தவளா, ராட்சசியா?"

"ராட்சசிதான். நீ குறுக்க வராத."

தறிக்காரியின் கண்ணில் நீர் முட்டியது. ஆனால் அந்த வாரமும் அடுத்த வாரமும் அவள் இளகவில்லை.

ஒரு நாள் சாப்பாட்டுத் தட்டு பறந்து வந்து சுவரில் மோதியது. அதன் பின்னாலேயே, துருப்பிடித்த கீல் கிறீச்சிடுவதுபோல், கரகரத்த ஒரு குரல் வந்தது.

"திரும்பு!"

நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டாள். தறிக்காரியின் தோள்கள் குலுங்கின. இருந்தும் அவள் சுவரைப் பார்த்தபடியே நின்றாள்.

"கேக்கலடி. இன்னும் சத்தமா."