இருக்கு அக்கா

ஸ்கேன் அறைக்குள் வருகிற பெண்கள் எல்லோரும் கேட்பது ஒரே கேள்வி: "இருக்கா?" அக்கா திரையைப் பார்ப்பாள். துடிப்பு தெரிந்ததும் அந்தப் பெண்ணின் முகத்துக்கு நேராகத் திரும்பி, "இருக்கு" என்பாள். தெரியாவிட்டால் அதற்கு எதிரான சொல்லைச் சொல்ல அவளுக்கு உரிமை கிடையாது. அது டாக்டர் வேலை. "கொஞ்சம் இருங்க, டாக்டர் வருவாங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவாள். இருபத்தாறு வருடமாக இதுதான் வழக்கம். அதனால் ஆஸ்பத்திரி முழுக்க அவளுக்கு இருக்கு அக்கா என்றே பெயர். வீட்டில் குடிக்கத் தண்ணீர் இருக்கா என்று கேட்டால்கூட சுவரை ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்கிறாள் என்று பஸ் ஓட்டும் அவள் கணவர் என்னிடம் குறைப்பட்டிருக்கிறார்.

நான் அதே அறையின் மூலையில் உட்கார்ந்து ரிப்போர்ட் தட்டச்சு செய்கிறவள். ஜன்னலுக்குக் கறுப்புத் துணி, ஒரு சக்கரம் ஆடுகிற ஸ்டூல், நாள் முழுக்க உறுமும் மெஷின், இதுதான் எங்கள் உலகம். இருட்டு அறையில் வேலை என்றதும் பேய்க்கதை பேச வருகிறவர்கள் உண்டு. ஆரம்பித்தார்கள் என்றால் நான் டீ குடிக்க எழுந்துவிடுவேன். அந்த மாதிரிப் பேச்சைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

போன்காரப் பெண் எங்களிடம் வந்தபோது அவளுக்கு இருபதாவது வாரம். ஒரு கம்பெனியில் புகார் சொல்லக் கூப்பிடுகிறவர்களுக்குப் போனில் பதில் சொல்கிற வேலை. வயிற்றில் இரட்டை, இரண்டும் பையன்கள். இருவருக்கும் நச்சுக்கொடி ஒன்றுதான். அதில் ரத்தக்குழாய்கள் பின்னிக்கொண்டு ஒருவனுடைய ரத்தம் மற்றவனுக்குப் போய்க்கொண்டிருந்தது. கொடுக்கிறவன் காய்ந்துபோய் அம்மாவின் இடது பக்கம் ஒட்டிக் கிடந்தான். வாங்குகிறவன் வீங்கிப்போய் தண்ணீரில் மிதந்தான். நாங்கள் சின்னவன், பெரியவன் என்று பெயர் வைத்தோம். விட்டால் இரண்டு பேரும் போய்விடுவார்கள் என்றார் டாக்டர்.

வயிற்றில் சின்னத் துளை போட்டு, ஊசியைவிடக் கொஞ்சம் தடித்த குழாயை உள்ளே விட்டு, அந்த ரத்தக்குழாய்களை லேசரால் ஒவ்வொன்றாகச் சுட்டு அடைத்தார்கள். அந்தப் பெண் விழித்துக்கொண்டேதான் இருந்தாள். வழி காட்டுவது ஸ்கேன். ஒன்றரை மணி நேரம் அக்கா கை நடுங்காமல் பிடித்துக்கொண்டு நின்றாள். அன்று சாயங்காலம் டம்ளரைத் தூக்க முடியாமல் இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தாள்.

மறுநாள் காலையில்தான் அந்தத் தப்பு நடந்தது. பெரியவனின் துடிப்பு திரையில் தெரிந்தது. "ரெண்டு பேரும் இருக்காங்களா?" என்று அந்தப் பெண் கேட்டாள். சந்தோஷத்தில் அக்கா, "இருக்காங்க" என்று சொல்லிவிட்டு, அதற்குப் பிறகுதான் கருவியை இடது பக்கம் நகர்த்தினாள். அங்கே சின்னவன் அசையாமல் கிடந்தான். துடிப்பு இல்லை.

மதியம் டாக்டர் அந்தப் பெண்ணையும் அவள் கணவனையும் உட்காரவைத்து விஷயத்தைச் சொன்னார். யாருக்கோ நடந்ததைக் கேட்பதுபோல அவள் கேட்டுக்கொண்டாளாம். பிறகு, "காலைல அக்கா இருக்காங்கன்னு சொன்னாங்களே" என்றாளாம், அவ்வளவுதான். டாக்டர் அக்காவைக் கூப்பிட்டு வாங்கு வாங்கென்று வாங்கினார். கடைசியில், சொல்ல வேண்டியதைத் தான் சொல்லியாகிவிட்டது, இனி அவளோடு வாதம் வேண்டாம், அவள் பதறினால் பிரசவவலி முன்கூட்டியே வந்து இருக்கிறவனும் போய்விடுவான் என்று முடித்தார்.

ஆனால் டாக்டர் சொன்னதை நம்பாதவள்போல அந்தப் பெண் ஒவ்வொரு ஸ்கேனிலும் அதையே கேட்டாள். ஆக, ஒரு தடவை வாய் தவறிச் சொன்னதை அக்கா வாராவாரம் தெரிந்தே சொல்ல வேண்டியதாயிற்று. பிரசவத்தன்று ஒருவன்தான் என்று தெரிந்தால் அந்தப் பெண் என்ன ஆவாள் என்று நினைத்து நினைத்து அக்காவுக்குத் தூக்கம் கெட்டது. பாவம் என்று எனக்கும் இருந்தது. அதே சமயம் கோபமும் வந்தது, ஒரு நிமிடம் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கக் கூடாதா?

பெரியவனுக்கு இப்போது உள்ளே இடத்துக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் எப்போது பார்த்தாலும் இடது பக்கமே ஒண்டிக் கிடந்தான். இருவருக்கும் நடுவே மெல்லிய சவ்வு ஒன்று உண்டு. அதன்மேல் ஒரு கையை விரித்து வைத்திருப்பான். அந்தப் பக்கம் சின்னவன் வாரத்துக்கு வாரம் சுருங்கி, மடித்த துணிபோலத் தட்டையாகிக்கொண்டு வந்தான். ஒருநாள் அக்கா அங்கே கருவியை வைத்தபோது ஸ்பீக்கரில் துடிப்பு கேட்டது. நான் தட்டச்சை நிறுத்திவிட்டேன். பெரியவனுடைய துடிப்புதான் அந்தப் பக்கமும் கேட்கிறது என்றார் டாக்டர். அப்படித்தான் இருக்கும். நானும் அப்படித்தான் தட்டச்சு செய்தேன்.

முப்பதாவது வாரம். இனிமேல் பொய் சொல்ல மாட்டேன் என்று அக்கா முடிவோடு வந்திருந்தாள். அந்தப் பெண் வழக்கம்போலக் கேட்டாள். அக்கா பதில் சொல்லவில்லை. பெரியவனின் துடிப்பு நூற்று நாற்பதில் இருந்தது. நூற்று ஐம்பத்தைந்து ஆயிற்று. நூற்று எழுபது. அவன் உடம்பைக் குறுக்கிக்கொண்டு, சவ்வின்மேல் வைத்த கையை எடுக்காமல் அப்படியே இருந்தான். நூற்று எண்பத்திரண்டு என்று நான் சத்தமாகப் படித்தேன்.

"ரெண்டு பேரும் இருக்காங்கம்மா," என்றாள் அக்கா.

எண் இறங்கியது. நூற்று அறுபது, நூற்று நாற்பத்தைந்து, நூற்று நாற்பது. குழந்தைக்கு நிமிடத்துக்கு நிமிடம் துடிப்பு மாறுவது சகஜம்தான், எனக்குத் தெரியாதா? ஆனாலும் அன்று நான் டீ குடிக்கப் போகவில்லை. தனியாக வராந்தாவில் நடந்துபோக மனம் வரவில்லை.

முப்பத்தைந்தாவது வாரம் பிரசவம் ஆயிற்று. பெரியவன் நன்றாக இருந்தான். சின்னவனைத் தனியாகச் சுற்றி அப்பா கையில் கொடுத்தார்கள். அக்கா அன்று லீவு போட்டுவிட்டாள். இத்தனை வருடத்தில் காய்ச்சலுக்குக்கூட லீவு போடாதவள்.

ஆறு மாதம் கழித்து ஒரு மத்தியானம் அந்தப் பெண் பையனைத் தூக்கிக்கொண்டு எங்கள் அறைக்கே வந்தாள். அக்கா ஸ்டூலிலிருந்து எழுந்தாள். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று எத்தனையோ நாளாக நினைத்துவைத்திருந்த பேச்சு, இரண்டு வார்த்தைக்கு மேல் வரவில்லை. அந்தப் பெண் கையைப் பிடித்து நிறுத்திவிட்டாள்.

"அன்னைக்கே எனக்குத் தெரியும்க்கா. இருக்காங்கன்னு சொல்லி முடிச்சதும் உங்க மூச்சு நின்னுச்சு. எட்டு மணி நேரம் போன்ல அடுத்தவங்க மூச்சைக் கேக்கற வேலை எனக்கு."

"அப்புறம் ஏம்மா வாராவாரம் என்னைக் கேட்ட?"

"உள்ள ஒருத்தன் கேட்டுட்டு இருந்தானே. அவனை வச்சுக்கிட்டு எப்படிக்கா சொல்றது?"

பையனைப் பரிசோதனைக் கட்டிலில் படுக்கவைத்தாள். நட்டநடுவில்தான் போட்டாள். அவன் மெல்லப் புரண்டு ஓரத்துக்குப் போனான். பாதிக் கட்டிலைக் காலியாக விட்டுவிட்டு, அந்தப் பக்கம் ஒரு கையை விரித்து நீட்டிவைத்தான். வீட்டிலும் இப்படித்தானாம். தூக்கத்தில் திடுக்கிட்டு விழித்து அந்தக் கையால் துழாவுகிறானாம். சின்னவன் போய்விட்டான் என்று அம்மா எத்தனையோ தடவை எடுத்துச் சொல்லிப் பார்த்தாளாம். அவன் காதில் ஏறவில்லை.

"நீங்கதான் சொல்லணும்க்கா. இருக்காங்கன்னு இவன் கேட்டது உங்க குரல்லதான்."

அக்கா என்னைப் பார்த்தாள். நான் வெறும் திரையைப் பார்த்து எதையோ தட்டிக்கொண்டிருந்தேன். அவள் சொல்லவே கூடாத சொல் அது. பக்கத்து அறையில் டாக்டர் இருந்தார், கூப்பிட்டால் வந்துவிடுவார். அக்கா கூப்பிடவில்லை. குனிந்து, எப்போதும்போலப் பையனின் முகத்துக்கு நேராக வந்தாள்.

"இல்லடா கண்ணா," என்றாள். "அவன் இல்ல."

பையன் அவளையே பார்த்தான். நீட்டியிருந்த கை மெதுவாக மடங்கி அவன் நெஞ்சுக்கு வந்தது. அதன் பிறகு அழுதான். பசிக்கு அழுகிற குழந்தைகளை இந்த ஆஸ்பத்திரியில் தினம் நூறு தடவை கேட்கிறேன். அது அந்த அழுகை இல்லை. அவன் அம்மாவும் அப்போதுதான் முதல்முறையாகச் சத்தம் போட்டு அழுதாள்.

இந்த மாதிரி நேரத்தில் அக்கா எழுந்து வெளியே போய்விடுவாள். அன்று போகவில்லை. கட்டிலின் காலியாக இருந்த பாதியில் உட்கார்ந்து, அவன் அழுது முடிக்கும்வரை கூடவே இருந்தாள்.