தெற்குச் சுவருக்கு அப்பால்

சத்தியபாமாவுக்குத் தலையிடி வந்தால் கரம்பொன்னில் அந்த ஒழுங்கைக்கே தெரிந்துவிடும். யாரோடும் பேசமாட்டாள். கூட்டிய முற்றத்தையே திரும்பவும் கூட்டிக்கொண்டிருப்பாள்.

எண்பத்துமூன்றுக் கலவரத்தில் தெற்கிலங்கையில் கடை எரிய, உடுத்த சாரத்தோடு வந்துசேர்ந்தவர் அவள் கணவர் சிவபாதம். ஒரு வருடம் யார் முகத்தையும் நிமிர்ந்து பார்க்காமல் இருந்தார். ஒழுங்கை வீடுகளுக்குக் கறண்ட் கொடுக்க ட்ரான்ஸ்போமர் வைக்க இடமில்லையென்று மின்சாரசபைக்காரர் கையை விரித்தபோதுதான், "என்ர வளவுக்க நடுங்கோ" என்று வாய் திறந்தார். வாசல் படலைக்கு நேரே ட்ரான்ஸ்போமர் கம்பம் நிற்கக்கூடாது, கிணற்றடியிலும் கூடாது. தள்ளித் தள்ளிக் கடைசியில் படுக்கையறையின் தெற்குச் சுவரோரம் நட்டார்கள். வடக்கே தலைவைத்துப் படுக்காத குடும்பம் அது. அறையும் ஒடுக்கம். ட்ரான்ஸ்போமரின் இரைச்சலுக்கும் அவள் தலைக்கும் இடையில் ஒரு சுவர்தான்.

கம்பம் நட்ட இரண்டாம் வருடம் தலையிடி தொடங்கியது. அந்த இரைச்சலால்தான் என்று ஒருமுறை கணவரிடம் சொன்னாள். அவர் எழுந்துபோய்க் கம்பத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். அதன்பிறகு அவள் சொல்லவில்லை. எல்லாம் இழந்து வந்த மனிதர் ஊருக்குச் செய்த ஒரே நன்மை அது.

பக்கத்து வளவு மேரிஜோசப்பின் மட்டும் விடமாட்டாள். "அக்கா, உம்மட தலைக்கும் ஒரு மீற்றரைப் பூட்டச் சொல்லும். மாசம் மாசம் வந்து வாசிச்சுக்கொண்டு போகட்டும்."

யாழ்ப்பாணத்து டொக்டர் கண்ணைப் பார்த்தார், பிறசரைப் பார்த்தார். கம்பத்தைப் பற்றிக் கேட்டதும் பேனாவை மூடினார்.

"வெளிநாட்டில சிலர் கறண்ட் கம்பிக்குக் கிட்ட இருந்தா வருத்தம் வரலாம் எண்டு எழுதுகினம். வேற சிலர் அப்பிடியொண்டும் இல்லையெண்டு சொல்லுகினம். எனக்குத் தெரியாதம்மா. கட்டிலைத் திருப்பிப் போட்டுப் பாருங்கோ."

"வடக்க தலை வைக்கவோ?" என்று கேட்டுவிட்டு அவள் எழுந்து வந்துவிட்டாள்.

தொண்ணூறில் மகள் அம்பிகைக்குக் கலியாணம் பொருந்தியது. வீடு சீதனம். இனி அந்த அறையில் படுக்கப்போவது அம்பிகை. பிள்ளை சுமக்கப்போவதும் அங்கேதான். வீட்டு உறுதிப்பத்திரம் எழுத நாள் குறித்தபிறகு சத்தியபாமாவுக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த ஆனியில் சண்டை திரும்பத் தொடங்கக் கறண்ட் நின்றது. கம்பம் ஊமையானது. அன்று அவள் விடியும்வரை நித்திரை கொண்டாள். அடுத்த நாளும் அப்படித்தான். ஒன்பது நாள் தலையிடி இல்லை. சிவபாதம் அவள் முகத்தைப் பார்ப்பதும் கம்பத்தைப் பார்ப்பதுமாகத் திரிந்தார்.

பத்தாம் நாள் தலையிடி வந்தது. அதே இடத்தில், அதே குத்து. வானத்தில் ஹெலி சுற்றியது, பாணுக்கு வரிசை, மண்ணெண்ணெய்ப் புகை. எதைக் காரணம் சொல்வது?

அம்பிகை பக்கத்தில் வந்து இருந்தாள். "அம்மா, அந்த அறையில நான் படுக்கலாமோ, இல்லையோ?"

"எனக்குத் தெரியாது பிள்ளை. அஞ்சு வருசமாத் தெரியுமெண்டு நினைச்சுக்கொண்டிருந்தனான்."

அம்பிகை அறையை எட்டிப் பார்த்தாள். "அப்ப நாங்கள் விறாந்தையில படுக்கிறம். அறைக்குள்ள நெல்லு மூட்டையை அடுக்குவம். அதுக்குத் தலையிடிச்சாலும் ஆருக்குச் சொல்லப்போகுது?"

சத்தியபாமா சிரித்தாள். சிரிக்கத் தலை இன்னும் வலித்தது.

வாசலில் நின்ற சிவபாதம் செருமினார். "கறண்ட் திரும்பி வந்தா, அதைக் கழட்டச் சொல்லி எழுதிக் குடுக்கிறன்."

"வேண்டாம். ஒழுங்கை இருட்டாப் போயிடும்."

"இப்பவும் இருட்டுத்தானே."

வெள்ளிக்கிழமை உறுதி எழுத நொத்தாரிசு வர, தலையிடியில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, வீட்டை மகளுக்கு எழுதிக் கையெழுத்து வைத்தாள்.